வெள்ளிக்கிழமை பிடிபட்ட மீன்

“பாத்ரூமுக்கை ஆர்?”

வேலையால் வந்த மலர், தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் கேட்டாள். மலர் என் மனைவி. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். மருந்து குடிக்காமல் குடித்ததாகச் சொல்லும் கிழவர்களை நாள் முழுக்கச் சமாளிப்பவள். அவளிடம் பொய் சொல்லத் தனித் திறமை வேண்டும். எனக்கு எந்தத் திறமையும் கிடையாது என்பது இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

“தவம் வந்திருக்கிறான்,” என்றேன்.

“தவம் அண்ணையைக் கண்டனான். ஹோலுக்கை இருந்து முழுசிக்கொண்டிருக்கிறார். பாத்ரூமுக்கை பொத்துப்பொத்தெண்டு சத்தம் போடுறது ஆர்?”

நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினேன். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து நான் கைக்கொள்ளும் ஒரே தந்திரம் அது. இன்றுவரை பலித்ததில்லை.

கதவு திறந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மலர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் மெதுவாக. “இண்டைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“தொட்டிக்கை கிடக்கிறது என்ன?”

“மீன்.”

“இப்ப ரெண்டையும் சேத்துச் சொல்லுங்கோ.”

“வெள்ளிக்கிழமை மீன்,” என்றேன். என் வாழ்க்கையில் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்ன பரீட்சை அது ஒன்றுதான்.

குளியல் தொட்டியில் பாதிக்குத் தண்ணீர். அதற்குள் முழங்கை நீளத்தில் ஒரு மீன். பாசி நிற முதுகு. புளி போட்டு விளக்கிய பித்தளை போல வயிறு. குன்றிமணி அளவில் ஒரு சிவப்புக் கண். அந்தக் கண்ணால் அது மலரைப் பார்த்தது. மலர் அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வாளி நின்றது. அதன் மூடியில் கறுப்பு மையால் ‘கோயில், பாயாசம்’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து மலருடையது.

மலர் நெற்றியில் கை வைத்தாள். திருநீறு பூசுகிறாளா, தலையிடியா என்று தெரியவில்லை.

குளத்தின் பேரைக் கேட்காதீர்கள்

போன கிழமை நான் கார் ஓடப் பழகிய கதையை எழுதினேன். அதை வாசித்த ஒரு வாசகி, “உங்களுக்குத் தெரியாதது கார் ஓட்டம் மட்டும்தானா?” என்று கேட்டிருந்தார். இல்லை, தங்கச்சி. இந்தக் கிழமை மீன்பிடி.

எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் விட்டாலும் பின்பக்கத்தால் ஓடி வந்துவிடுவேன். அந்தப் பள்ளிக்கூடம் விடாமல் துரத்தி ஒஸ்லோ வரை வந்து, என் கையில் தும்புத்தடியைக் கொடுத்துவிட்டது. நான் ஆறாம் வகுப்பில் இருந்த நேரத்தைவிட ஆறாம் வகுப்பைக் கூட்டிய நேரம் அதிகம். அந்த வேலையில் ஒரு நன்மை உண்டு. கோடையில் பெரிய கழுவல் முடிந்தால் பிள்ளைகளைப் போல எனக்கும் விடுமுறை.

எங்கள் ஹொல்ம்லியா அடுக்குமாடிகளிலிருந்து பஸ் எடுத்து, காட்டுப் பாதையில் இறங்கிச் சிறிது நடந்தால் ஒரு குளம் வரும். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வருகிற சனிக்கிழமையே நீங்கள் எல்லாரும் வாளியோடு வந்து நிற்பீர்கள். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

நோர்வேக்காரர் பொதுவாக இந்தக் குளத்து மீன்களை மதிப்பதில்லை. அவர்களுக்கு ஆற்று மீன் வேண்டும், கடல் மீன் வேண்டும். குளத்தின் மொர்ட்டும் சூட்டரும் அவர்களுக்கு மீன் கணக்கிலேயே இல்லை. மொர்ட் உள்ளங்கையளவு வெள்ளி மீன். கேட்காமலே வந்து கொளுவும். சூட்டர் நான் மேலே சொன்ன பச்சை மீன். கேட்டாலும் வராது.

இவற்றை மிதப்புப் போட்டுத்தான் பிடிப்பது. மிதப்பு என்பது மெல்லிய குச்சி. நுனியில் செம்மஞ்சள் பூச்சு. தண்ணீரில் அது குத்திட்டு நிற்கும், கீழே தூண்டில் தொங்கும். அந்த நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. உலகத்தில் படிப்பே தேவைப்படாத வேலை ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்துத்தான் போனேன். அதிலும் நான் வகுப்பில் கடைசிக்கு முந்தியவன்.

கிடைக்காதவன் முதலில்

குளக்கரையில் நாங்கள் மூன்று பேர். நான், தவம், ஓட்வார்.

ஓட்வார் ஓய்வுபெற்ற ட்ராம் ஓட்டுநர். வாழ்நாள் முழுக்கத் தண்டவாளத்தில் ஓடியவர் என்பதால் பேச்சும் அங்கே இங்கே வளையாது. பிடித்த மீனை இரண்டு கையையும் நனைத்துவிட்டுத்தான் தொடுவார். ஈரத் துணியில் கிடத்தி, அளவுநாடாவால் அளந்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். மீனின் நீளத்தில் ஒரு நகக்கண் கூட்டிச் சொல்ல மாட்டார். நான் கையை விரித்து “இவ்வளவு பெரிசு” என்று காட்டினால் அவர் என் கைகளுக்கு நடுவில் நாடாவைப் பிடிப்பார். அப்படிப்பட்ட மனிதரோடு எப்படிப் பழகுவது?

ஆனால் பழகினோம். தூண்டிலைச் சுருட்டியபின் விழுந்து கிடந்த ஒரு மரக்குற்றியில் இருந்து கோப்பி குடிப்போம். அங்கே ஓட்வார் வைத்த சட்டம் ஒன்று உண்டு. போன தடவைக்குப் பிறகு நடந்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மீன் கிடைக்காதவன் முதலில் சொல்ல வேண்டும். மீன் பிடித்தவன் ஆறுதலாகச் சொல்லலாம், அவனுக்கு வயிறு நிறைந்திருக்கிறது என்பது அவர் நியாயம்.

எப்போதும் முதலில் கதைத்தவன் தவம்.

ஓட்வார் சொல்வது இப்படி இருக்கும்: “செவ்வாய். மேல்காற்று. மூன்று மொர்ட்.” அவ்வளவுதான். தவம் சொல்வது இப்படி இருக்கும்: “இவன் விடியக்காலத்தால பஸ்ஸைத் தவறவிட்டவன். நான் நடந்து வந்தன். வழியில ஒரு காகம்...” காகத்திலிருந்து தொடங்கி மகளின் புதிய வேலை, முழங்கால் நோ, வாடகை வீட்டுச் சங்கத்தின் குப்பைத் தொட்டிச் சண்டை என்று கோப்பி ஆறி, ஓட்வாரின் கண் சொக்கும்வரை போகும். கடைசியில் “மீன் ஒண்டும் இல்ல” என்று முடிப்பான். ஓட்வாருக்காக அவ்வளவையும் நோர்வேஜிய மொழியில் வேறு சொல்வான். பாவம் அந்த மொழி.

தலையில்லாத மீன்கள்

தவம் மட்டக்களப்பு ஆள். எனக்கு அவன் கிடைத்தது ஒஸ்லோவில் அல்ல, வடக்கே பாட்ஸ்பியோர்டில். மீன் பதனிடும் தொழிற்சாலையில், ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் யாழ்ப்பாணம். அவன் “மறுகா” என்பான், நான் “பேந்து” என்பேன். இரண்டும் ‘பிறகு’தான் என்று தெரிய எங்களுக்கு ஒரு குளிர்காலம் எடுத்தது.

அங்கே மீன் ஓடும் பட்டியில் வரும். வரும்போதே தலை இருக்காது, குடல் இருக்காது. நாங்கள் முள்ளை நீக்கிச் சதையைச் சீவி அனுப்புவோம். கை விறைத்து, கத்தி எது விரல் எது என்று தெரியாமல் நிற்போம். வெளியில் நாள் முழுக்க இருட்டாக இருக்கும். ஊருக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் “கடற்தொழில் செய்கிறேன்” என்று எழுதினேன். அவர்கள் நான் அலைக்கு நடுவே வலை வீசுவதாக நினைத்தார்கள். நான் ஏன் திருத்தப் போகிறேன்?

உண்மை என்னவென்றால், அத்தனை வருடம் மீனிலேயே சீவித்தும் நாங்கள் இரண்டு பேரும் அங்கே உயிரோடு ஒரு மீனைக் கண்டதில்லை. முகத்தோடுகூடக் கண்டதில்லை.

ஒருநாள் மேசையில் தவம் சொன்னான்: “இது என்ன மீன்டா? உப்புத் தண்ணி மீன். குளத்து மீனை மாங்காய் போட்டுக் குழம்பு வச்சா, அதுதான் மீன்.”

“குளத்து மீனோ? சேறு மணக்கும்,” என்றேன்.

“உங்கட ஆக்களுக்கு மூக்கு மட்டும்தானே நீளம்.”

அந்த வாக்குவாதம் பாட்ஸ்பியோர்டில் தொடங்கியது. இரண்டு பேரும் ஒஸ்லோவுக்கு மாறி, ஹொல்ம்லியாவில் எதிரெதிர் கட்டடத்தில் குடியேறியபிறகும் முடியவில்லை. அதைத் தீர்க்கத்தான் நாங்கள் தூண்டில் வாங்கினோம். தவத்துக்கு ஒரேயொரு ஆசை. ஒரு சூட்டர் பிடிக்க வேண்டும், மாங்காய் போட்டுக் குழம்பு வைக்க வேண்டும், எனக்கு ஊட்டிவிட்டு என் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

புட்டும் மிதப்பும்

தொட்டிக்குள் மீன் வந்த அந்தக் கோடையில் தவத்தின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மகள் துரொண்ட்ஹெய்மில். தவத்தின் மனைவி முன்னதாகவே அங்கே போய்விட்டார். தவம் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போவதாக ஏற்பாடு. ஒஸ்லோவில் அவனுக்கு மிஞ்சியிருந்தது ஒரு மெத்தை, ஒரு கேத்தல், நான்.

வெள்ளிக்கிழமை காலை தூண்டில் தடியோடு என் வாசலில் வந்து நின்றான்.

“இண்டைக்கு வெள்ளியடா,” என்றேன்.

“சாப்பிடத்தான் ஏலா. பிடிக்கலாம். எனக்கு எப்பவாவது கிடைச்சிருக்கா? பாவம் சேராது.”

மலர் வேலைக்குப் போய்விட்டாள். அவள் காலையில் அவித்த புட்டில் பாதியை எடுத்துக்கொண்டேன். மீனைக் கூட்டுவதற்கு ஓட்வார் பொட்டலத்தில் வருகிற, வனிலா மணக்கும் மாவைத் தண்ணீரில் குழைத்து எறிவார். ஒருநாள் அவர் அதை மறந்து வந்தபோது நான் என் மதியச் சாப்பாட்டுப் புட்டைக் கொடுத்தேன். புட்டு தண்ணீரில் விழுந்ததும் உதிர்ந்து, தேங்காய்ப்பூ மெதுவாக இறங்க, அடியில் மீன்களுக்குக் கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஓட்வார் பொட்டலம் வாங்குவதில்லை.

குந்துவதற்கு ஒன்று வேண்டும் என்று வாசலில் இருந்த வெள்ளை வாளியையும் எடுத்துக்கொண்டேன். கவிழ்த்து வைத்தால் நல்ல இருக்கை. வரும் வழியில் கோயிலில் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

குளத்தில் காற்றே இல்லை. தவம் தடியை என் மடியில் வைத்தான்.

“இது இனி உனக்கு. அங்க எனக்கு எதுக்கு? பேரனைத் தூக்கினா ரெண்டு கையும் நிறைஞ்சிரும்.”

“இண்டைக்கு மட்டும் நீ பிடி,” என்று திருப்பிக் கொடுத்தேன்.

“சரி. இண்டைக்கு ஒரு சூட்டரைப் பிடிச்சனெண்டா கணக்கு முடிஞ்சிது. மறுகா ஒஸ்லோவில எனக்கு ஒரு அலுவலும் இல்ல.”

பகிடியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அது சரியாக இறங்கவில்லை. துரொண்ட்ஹெய்ம் சந்திரனில் இல்லை, ரயிலில் போகலாம். ஆனால் நான் பார்த்திருக்கிறேன். “அடிக்கடி வருவன்” என்று சொல்லிவிட்டுப் போனவர்களைப் பிறகு செத்தவீட்டில்தான் காண்பது. அலுவல் இருந்தால்தான் மனிதன் வருவான்.

புட்டை உருட்டி எறிந்துகொண்டே, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சிநேகிதனுக்கு மீன் கிடைக்கக் கூடாது என்று முருகனை வேண்டினேன்.

படுத்த மிதப்பு

இதை வாசிக்கிற மீன்பிடிக்காரருக்கு இந்த இடம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

மற்ற மீன் கொத்தினால் மிதப்பு கீழே போகும். சூட்டர் அடியில் தலைகீழாக நின்று இரையை வாயில் எடுத்து, பிறகு நிமிரும். நிமிரும்போது நூலில் கட்டிய ஈயத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். பாரம் போனதும் மேலே மிதப்பு கிளம்பி, அப்படியே தண்ணீரில் படுத்துவிடும். அந்த நேரம் தடியைச் சுண்டி இழுத்தால் மீன் உனக்கு. ஓட்வார் எத்தனையோ முறை சொல்லியிருந்தார். தவத்துக்கு மட்டும் அது ஏறவே இல்லை. “இழுக்காதது என்ன மீன்?” என்பான். மிதப்பு படுத்தால் ஈயம் கழன்றுவிட்டது என்று நினைத்து நூலை ஆறுதலாகச் சுருட்டுவான். அப்படி எத்தனை சூட்டர்கள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கும்.

அன்றும் அவன் பெட்டி கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். முன்னால் தண்ணீரில் சோடாப் போத்தல் திறந்த மாதிரி சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. மிதப்பு ஒருதரம் நடுங்கியது. பிறகு மெல்ல எழும்பியது. பிறகு படுத்தது.

தவம் பார்த்தான். “ஈயம் போயிற்று,” என்றான். சுருட்டக் கையைக் கொண்டுபோனான்.

ஓட்வார் தூரத்தில் நாணல் பக்கம் நின்றார். என்ன நடக்கிறதென்று விளங்கியவன் நான் மட்டும்தான். “ஓம், போயிட்டுது” என்று ஒரு சொல் சொன்னால் போதும். தவத்தின் கணக்கு முடியாது.

மலரைத் தவிர மற்றவர்களிடம் எனக்குப் பொய் சொல்லுவது மூச்சு விடுகிற மாதிரி. அன்றைக்கு அந்த மூச்சு வரவில்லை.

“இழுடா,” என்றேன். “தவம், இழு.”

அவன் பயந்து இழுத்தான். தடி வில்லாக வளைந்தது. நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. தவம் கதைப்பதை நிறுத்தினான். நான் அவனை அறிந்த காலத்தில் அவன் இடையில் நிறுத்திய ஒரே கதை அதுதான். பெட்டியில் என்ன வைத்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஓட்வார் வலையோடு ஓடி வந்தார். ட்ராம் ஓடுவதைத்தான் கண்டிருக்கிறேன், அவர் ஓடி அன்றுதான் கண்டேன். மீன் வலைக்குள் வந்து பெருமூச்சு விட்டது.

“அழகான சூட்டர்,” என்றார் ஓட்வார். நாடாவை எடுத்தார்.

“அளக்க வேண்டாம்,” என்றான் தவம். “இது சட்டிக்கு.”

ஓட்வாரின் கை நின்றது. “உன் மீன்,” என்றார். “சாப்பிடுவதென்றால் இங்கேயே உடனே கொன்றுவிடு. அதுதான் மீனுக்கு மரியாதை.”

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“இன்றைக்கு ஏலாது,” என்றேன். “வெள்ளிக்கிழமை.”

ஓட்வாருக்கு வெள்ளிக்கிழமையை விளங்கப்படுத்துவதற்கு எனக்கு நோர்வேஜிய மொழி போதவில்லை. வெள்ளிக்கிழமை மீன் பிடிக்கலாம், கொல்லக் கூடாது, சனி விடிந்தால் கொல்லலாம், சாப்பிடலாம் என்றேன். அவர் “அதுவரை?” என்று கேட்டார்.

நான் வாளியை நிமிர்த்தினேன்.

அன்று குற்றியில் கோப்பி குடிக்கவில்லை. முதல்முறையாகக் கடைசியில் கதைக்க வேண்டியவன் தவம். அவன் தடிகளைச் சுருட்டிக்கொண்டு பஸ் தரிப்புக்கு முன்னால் நடந்தான்.

பஸ்ஸில் நான் வாளியை மடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் மூடி துள்ளியது. இந்த நாட்டு மக்களின் நாகரிகத்தை நான் அன்று மெச்சினேன். என் பாயாசம் குதிப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. முழு பஸ்ஸும் யன்னலுக்கு வெளியே பார்த்தது.

விடிந்தால் சனி

இப்போது தொட்டிக்கு வருவோம்.

மலர் அன்று குசினிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். போகும்போது சொன்னாள்: “வெள்ளிக்கிழமை என்ர வீட்டில ஒரு உயிர் போகக் கூடாது. நாளைக்கு விடியட்டும், பேந்து உங்கட பாடு, மீனின்ர பாடு. கோயில்ல வாளியைக் கேட்டா நான் என்ன சொல்லுறது?”

“உடைஞ்சு போச்செண்டு சொல்லும்.”

“உங்களைப் போல நினைச்சியளோ?”

அவள் வாளியைப் பற்றிக் கோயிலில் என்ன சொன்னாள் என்று தெரியாது. ஆனால் அடுத்த கிழமை நான் புது வாளியோடு போனபோது ஐயர் என் கையைத் தொடாமல் திருநீறு போட்டார்.

சனி காலையில் தவம் மாங்காயோடு வந்தான். மலர் புளியைக் கரைத்து, தேங்காய்க் கூட்டு அரைத்து வைத்திருந்தாள். நான் பாட்ஸ்பியோர்டிலிருந்து கொண்டுவந்த கத்தியை அலுமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தீட்டினேன். இரண்டு பேரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.

மீன் மெதுவாகப் பக்கம் வந்து நின்றது. சிவப்புக் கண் எங்களைப் பார்த்தது. அடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. உற்றுப் பார்த்தேன். புட்டு. நான் போடவில்லை. வீட்டில் இருப்பது நானும் மலரும்தான்.

“வெட்டு,” என்றான் தவம்.

“உன்ர மீன். நீ வெட்டு.”

“உன்ர வீடு.”

“உன்ர குழம்பு.”

“நீதானே கடற்தொழில் செய்தனி,” என்றான்.

நான் முழங்காலில் இருந்து தண்ணீருக்குள் கையை விட்டேன். அது விலகவில்லை. வழுவழுப்பாக, குளிராக, என் கைக்குள் செவுள் விரிந்து மூடுவது தெரிந்தது. எத்தனையோ தொன் மீன் சீவிய கை இது. அதில் ஒன்றுகூட மூச்சு விட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன்.

“கத்தி மொட்டை,” என்றேன்.

“ஓம், மொட்டைதான்,” என்றான் தவம். அந்தக் கத்தியால் சவரம் செய்யலாம்.

தவம் கழிவறைத் தொட்டி மூடியில் இருந்தான். மாங்காயை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றி உருட்டினான்.

“இவரைச் சாப்பிட்டா,” என்றான், “ஒஸ்லோவுக்கு வந்து பாக்க எனக்கு ஆர் இருக்கு?”

“அப்ப நான் ஆர்?”

“நீ புட்டுக் கொண்டுவாற ஆள்.”

நான் கத்தியைத் துடைப்பதுபோல ஒரு வேலை செய்தேன். வெளியிலிருந்து மலர் கதவைத் தட்டினாள்.

“என்ன, முடிஞ்சுதோ?”

“இல்லையப்பா.”

“அப்பாடா,” என்ற சத்தம் கேட்டது. பிறகு அவளே, “குழம்புக்கு முட்டை அவிச்சிருக்கிறன்,” என்றாள். முட்டை அவிய நேரம் எடுக்கும். நாங்கள் உள்ளே போகும்போதே அடுப்பில் வைத்திருக்கிறாள்.

தவத்தின் பிரியாவிடை விருந்து மாங்காய் போட்ட முட்டைக் குழம்பு. நல்லாயிருந்தது. சேறு மணக்கவில்லை என்று நான் சொன்னேன். தவம் என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தான்.

கணக்கு

பின்னேரம் அதே வாளி, அதே பஸ். ஓட்வார் கரையில் இருந்தார். மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்தீர்கள்?”

“புட்டுக் கொடுத்தோம்,” என்றேன்.

அவர் கையை நனைத்தார். மீனை ஈரத் துணியில் கிடத்தி அளந்தார். வாலின் மேல் விளிம்பில் பழைய காயமாக ஒரு வெட்டு இருந்தது. அதை விரலால் காட்டினார். “இனி இது யார் என்று தெரியும்,” என்றார்.

தவம் சப்பாத்தைக் கழற்றாமலே தண்ணீருக்குள் இறங்கி அதை விட்டான். அது சிறிது நேரம் அவன் காலடியில் நின்று மூச்சு விட்டது. பிறகு அடிச் சேற்றில் ஒரு புகையை எழுப்பிவிட்டுப் போய்விட்டது.

“பிடிச்சா கணக்கு முடிஞ்சிது எண்டனி,” என்றேன்.

“பிடிச்சதை விட்டா, பிடிக்காத மாதிரித்தானே.” சப்பாத்திலிருந்து தண்ணீர் சளக் சளக் என்று வழிய ஏறி வந்தான். “என்ர தடியை ஆருக்கும் குடுத்திராத. இடைக்கிட நனைச்சு வை.”

குற்றியில் இருந்தோம். மீன் கிடைக்காதவன் முதலில் கதைக்க வேண்டும். தவம் தொண்டையைச் செருமினான். ஓட்வார் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் தவத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இது நடந்து சில கோடைகள் ஆகிவிட்டன. தவம் இன்னும் வரவில்லை. ஆனால் “வாறன்” என்பதை நிறுத்தவில்லை. குற்றியில் நானும் ஓட்வாரும் கோப்பி ஊற்றும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் எடுப்பான். நடுவில் அவனை நிமிர்த்தி வைப்போம். அவன்தானே மீன் பிடிக்காதவன். அவன்தான் முதலில் கதைப்பது. பேரனுக்குப் பல் முளைத்ததிலிருந்து தொடங்குவான்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று மலரிடம் கேட்டேன்.

“தவம் அண்ணை உங்கட தொடர் வாசிக்கிறவரே?”

“இல்லை. வாசிச்சா தலையிடிக்குமாம்.”

“அப்ப எழுதுங்கோ.”

போன சனிக்கிழமை தவத்தின் தடியை நனைத்துக்கொண்டிருந்தேன். சோடாக் குமிழி வந்தது. மிதப்பு எழும்பிப் படுத்தது. இழுத்தேன். வலைக்குள் பச்சை முதுகு, சிவப்புக் கண், வாலின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு. முன்பைவிடக் கொழுத்திருந்தது. ஓட்வார் அளந்தார், விட்டார். இரண்டு பேரும் குற்றியில் போய் இருந்தோம்.

தொலைபேசி அடித்தது. தவம் பேரனின் தடுப்பூசியைப் பற்றிச் சொன்னான், மழையைப் பற்றிச் சொன்னான். பிறகு வழமை போலக் கேட்டான்.

“அவர் வந்தவரா?”

“எங்கை,” என்றேன். “உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார் போல.”

“நீ பொய்காரன். ஓட்வாரிட்டக் குடு.” பிறகு நோர்வேஜிய மொழியில் உரக்கக் கேட்டான்: “ஓட்வார், சூட்டர் வந்ததா?”

ஒரு மீனில் நகக்கண் அளவு கூட்டிச் சொல்லாத அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் கோப்பியைப் பார்த்தேன்.

“இல்லை,” என்றார் ஓட்வார் தொலைபேசியிடம். “மொர்ட் மட்டும். சின்னது.”

மடியில் கிடந்த ஈர நாடாவை எடுத்து, மெதுவாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.